வேலி ஆஃப் ராக்ஸ், வட டெவன்: எந்தப் பாதை, எந்த நேரம், எங்கே கவனம்?

பாதசாரி
மே கடைசி வாரத்தில் இங்கிலாந்தின் தென்மேற்கே லின்டன் பக்கம் வேலி ஆஃப் ராக்ஸ் (பாறைப் பள்ளத்தாக்கு) போகிறோம். ஒரு நாள் முழுக்க இருக்கிறது. அறுபத்தைந்து தாண்டிய இருவர், ஆறு வயதுக் குழந்தை, நன்றாக நடக்கிற மூன்று பேர். படங்கள் நிறையக் கிடைக்கின்றன, ஆனால் உருப்படியான விவரம் இல்லை. பெரியவர்கள் எதுவரை நடக்கலாம்? கடற்கரைக்கு இறங்க முடியுமா? காரை எங்கே விடுவது? தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

குன்றுவழி
முதலில் இடத்தின் அமைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகத் தெளிவாகும். லின்டன் மேட்டில் இருக்கிற ஊர். லின்மவுத் அதற்கு நேர் கீழே, ஆறு கடலில் கலக்கும் இடத்தில். லின்டனுக்கு மேற்கே ஒரு மைலுக்குள் இந்தப் பள்ளத்தாக்கு. வழக்கமாகப் பள்ளத்தாக்கு என்றால் கடலை நோக்கி வாய் திறந்திருக்கும். இது கரைக்கு இணையாகக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. நடுவில் ஆறும் இல்லை. வடக்கே கடலுக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையில் பாறை முகடு: ரக்கட் ஜாக், சிம்னி ராக், மேற்குக் கோடியில் காஸல் ராக். தெற்குச் சரிவில் டெவில்ஸ் சீஸ்ரிங் என்கிற அடுக்குப் பாறை.

லின்டனிலிருந்து அங்கே போக மூன்று வழி.

ஒன்று, நார்த் வாக். முகட்டின் கடல் பக்கத்தில், சரிவின் இடுப்பில் வெட்டிய நடைபாதை. காஸல் ராக் வரை சுமார் 1.6 கிலோமீட்டர். தளம் போட்ட பாதை என்பதால் பூட்ஸ் அவசியமில்லை, கிரிப் உள்ள சாதாரண ஷூ போதும். ஊரை விட்டு இறங்கும் தொடக்கம்தான் செங்குத்து, பிறகு லேசான ஏற்ற இறக்கம். தென்மேற்குக் கரையோரப் பாதையின் ஒரு துண்டு இது. மைன்ஹெட்டில் தொடங்கி பூல் துறைமுகம் வரை 630 மைல் போகிற அதே பாதை. ஓக் மரத்தின் கொட்டைச் சின்னம் பார்த்துக்கொண்டே போனால் வழி தப்பாது.

இரண்டு, பள்ளத்தாக்கின் நடுவே போகும் தார்ச்சாலை. கிரிக்கெட் மைதானம், கார் பார்க்கிங் வழியாகக் காஸல் ராக் அடியில் இருக்கிற சின்ன ரவுண்டானா வரை. பெரியவர்களுக்கு இதுதான் எளிது.

மூன்று, ஹாலர்டே குன்று. லின்டன் டவுன் ஹால் பக்கத்திலிருந்து பழைய வண்டிப்பாதை ஏறுகிறது. பதிப்பாளர் ஜார்ஜ் நியூன்ஸ் கட்டிய மாளிகை அங்கே இருந்தது, 1913இல் எரிந்துபோனது, இப்போது அடித்தளத்தின் மிச்சம் மட்டும். உச்சி சுமார் 240 மீட்டர். பள்ளத்தாக்கை மேலிருந்து முழுசாகப் பார்க்க வேண்டுமானால் இதுதான் இடம். மேற்குப் பக்க இறக்கம் கரடுமுரடு, முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தப் பக்கம் இறங்க வேண்டாம்.

என் பரிந்துரை: நார்த் வாக்கில் போய், காஸல் ராக் பார்த்து, சாலை வழியே திரும்புவது. மூன்றரை கிலோமீட்டருக்குள் முடியும். நின்று பார்த்தபடி நடந்தால் இரண்டு மணி நேரம்.

நெய்தல்நடை
குன்றுவழி அண்ணா சொன்னது சரி, ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நார்த் வாக்கில் பெரும்பகுதிக்குக் கைப்பிடி கிடையாது. பாதை அகலம்தான், ஆனால் கடல் பக்கம் விளிம்புக்கு அப்பால் உடனே சரிவு. அந்தச் சரிவுதான் ஏமாற்றும். எக்ஸ்மூர் (லின்டனைச் சுற்றிய மேட்டு நிலப் பகுதி) கரையில் பாறைச் சுவர் உச்சியிலிருந்தே செங்குத்தாக விழுவதில்லை. மேலே பன்றியின் முதுகுபோல வளைந்து இறங்கும், கீழே போகப் போகச் சாய்வு கூடும், கடைசியில்தான் நேர்ச்சுவர். பாதையில் நிற்பவருக்கு அந்தக் கடைசிச் சுவர் கண்ணிலேயே படாது. புல்தானே, நாலடி இறங்கிப் படம் எடுக்கலாம் என்று தோன்றும். ஈரப்புல்லில் சறுக்கினால் பிடித்து நிற்க ஒன்றும் இருக்காது.

ஆகவே குழந்தை மலைப் பக்கம், பெரியவர் கடல் பக்கம், கை பிடித்தபடி. லின்டனிலிருந்து மேற்கே போகும்போது கடல் உங்கள் வலது கைப் பக்கம். தலைசுற்றல் உள்ள பெரியவர் என்றால் நார்த் வாக்கே வேண்டாம், காரில் பள்ளத்தாக்குக்குள் போய் ரவுண்டானா வரை சாலையில் நடக்கட்டும். காட்சியில் குறை ஒன்றும் இல்லை. மற்றவர்கள் நார்த் வாக் வழியாக வந்து அங்கே சேர்ந்துகொள்ளலாம்.

குன்றுவழி
ஒப்புக்கொள்கிறேன். இரண்டாகப் பிரிந்து காஸல் ராக் அடியில் சந்திப்பதுதான் இந்தக் குழுவுக்குப் பொருந்தும். போனை நம்ப வேண்டாம், லின்மவுத் பள்ளத்திலும் மேற்கே ஹெட்டன் பக்கமும் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். சந்திக்கும் நேரத்தை முன்னமே பேசிவையுங்கள்.

பாதசாரி
நன்றி அண்ணா, நன்றி அக்கா. காஸல் ராக் மேலே ஏறலாமா? லின்மவுத்திலிருந்து மேலே வர ரயில் இருக்கிறதாமே, அது பெரியவர்களுக்குச் சரிவருமா?

நெய்தல்நடை
ரயில் கட்டாயம். லின்மவுத் கரையிலிருந்து லின்டனுக்குச் செங்குத்தாக ஏறுகிற கிளிஃப் ரயில், 1890இல் திறந்தது. நீளம் 862 அடி, ஏறும் உயரம் 500 அடி, சரிவு 1.75க்கு 1. மின்சாரம் இல்லை, எஞ்சினும் இல்லை. இரண்டு பெட்டிகள் ஒரே வடத்தின் இரு முனையில். ஒவ்வொன்றின் அடியிலும் 700 கேலன், அதாவது மூவாயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டி. வெஸ்ட் லின் ஆற்றுத் தண்ணீர் குழாய் வழியே மேலே வந்து நிரப்புகிறது. இரண்டு தொட்டியும் நிறைந்திருக்கும்போது கீழ்ப்பெட்டி ஓட்டுநர் தண்ணீரைத் திறந்துவிடுவார். மேல்பெட்டி கனமாகி இறங்கத் தொடங்கும், அதன் இழுப்பில் கீழ்ப்பெட்டி ஏறும். வேகத்தைப் பிரேக் பார்த்துக்கொள்கிறது. கீழே நிற்கும்போது தண்ணீர் கொட்டுகிற சத்தத்தைக் குழந்தைக்குக் காட்டுங்கள், ஏன் ஏறுகிறது என்பது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

குளிர்காலத்தில் ஓடாது, மே மாதம் ஓடும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று அன்றே நிலையப் பலகையில் பார்த்துவிடுங்கள். தவறவிட்டால் லின்மவுத்துக்கு இறங்க வளைவு வளைவான செங்குத்துப் பாதைதான், பெரியவர்களின் முழங்கால் தாங்காது.

காஸல் ராக் மேலே போக நிலப்பக்கத்திலிருந்து பாதை உண்டு. கடைசிப் பகுதி குறுகல், படிபோல மிதித்து ஏற வேண்டும், இரண்டு பக்கமும் காற்று. ஆறு வயதுக் குழந்தையை நான் அனுப்ப மாட்டேன்.

அலைவாய்
நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன் அக்கா. காற்று இல்லாத உலர்ந்த நாளில், ஒரு பெரியவர் முன்னே, ஒருவர் பின்னே, பாதி உயரம் வரை குழந்தையோடு போகலாம். முதல் மேடையிலிருந்தே மேற்குக் கரை முழுக்கத் தெரியும். அதற்கு மேல் வேண்டாம்.

நெய்தல்நடை
உலர்ந்த நாள், காற்றில்லாத நாள் என்கிற இரண்டு நிபந்தனையும் ஒன்றாகக் கிடைத்தால் சரி. அந்த மூலையில் பள்ளத்தாக்கே ஒரு குழாய்போல வேலை செய்யும். சாலையில் தென்றலாக இருக்கிற மேற்குக் காற்று, பாறை இடுக்கில் ஆளைத் தள்ளுகிற வேகத்தில் வரும். மரங்கள் அசைவதை வைத்து முடிவெடுக்காதீர்கள், பாறையடியில் நின்று பார்த்து முடிவெடுங்கள். இன்னொன்று, மேலே ஆடுகள் மேய்ந்தால் அவற்றுக்கு நேர் கீழே நிற்க வேண்டாம். அவை நடக்கும்போது சில்லு கற்கள் உருண்டு வரும்.

வரைபடப்பித்தன்
பாறை ஏன் அப்படி உதிர்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் எங்கே கால் வைக்கக் கூடாது என்பது புரியும். இது லின்டன் அடுக்கு, எக்ஸ்மூரிலேயே வயதில் மூத்த பாறைகளில் ஒன்று, டெவோனியன் காலம், சுமார் 40 கோடி ஆண்டு. ஆழமில்லாத கடலில் படிந்த மணலும் சேறும் மாறி மாறி மெல்லிய அடுக்குகளாக இறுகியவை. அடுக்குக்குக் குறுக்கே செங்குத்து வெடிப்புகள். பனியுகத்தில் இந்தப் பகுதி பனிப்பாளத்தின் அடியில் புதையவில்லை, ஆனால் அதன் ஓரத்துக் கடும் குளிரில் கிடந்தது. வெடிப்புக்குள் போன தண்ணீர் உறைந்து விரிந்து பாறையைக் கட்டை கட்டையாகப் பிளந்தது. பிளந்தவை சரிவில் இறங்கிக் குவிந்தன, பிளக்காமல் நின்றவைதான் இன்று கோட்டைபோலத் தெரிகிற முகடுகள். அதனால்தான் மேலே உறுதியாகத் தெரிகிற கல்லும் கீழே எதோடும் ஒட்டாமல் வெறுமனே அமர்ந்திருக்கலாம். கையால் இழுத்து ஏறாதீர்கள், கீழ்நோக்கி அழுத்திப் பார்த்து ஆடவில்லை என்றால் மட்டும் எடையைப் போடுங்கள். சாம்பல், மஞ்சள் பாசிப்படலம் படிந்த முகப்பு மழைக்குப் பிறகு சோப்புத் தேய்த்ததுபோல ஆகிவிடும்.

ஆறு இல்லாத பள்ளத்தாக்குக்குக் காரணம்: கிழக்கு லின் ஆறு ஒருகாலத்தில் லின்மவுத்தில் கடலைச் சேராமல், கரைக்கு இணையாக இந்தப் பள்ளத்தாக்கு வழியே மேற்கே ஓடியது. கடல் கரையை அரித்து அரித்து உள்ளே வந்து, லின்மவுத் அருகே ஆற்றின் பக்கச் சுவரை உடைத்துவிட்டது. ஆறு அங்கேயே குறுக்குவழியில் கடலுக்குள் விழுந்தது, மேற்குப் பகுதி வறண்டது. பனிப்பாளம் வழியை அடைத்ததால் உருகிய நீர் வெட்டிய தடம் என்று இன்னொரு விளக்கமும் உண்டு. எனக்கு முதலாவதுதான் பொருந்துகிறது. லீ ஆபி வரைக்கும் அதே உயரத்தில் அதே திசையில் துண்டு துண்டாகப் பழைய தரை தொடர்வதை வரைபடத்தில் பார்க்கலாம்.

குன்றுவழி
இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. குறுக்குவழி கிடைத்த ஆறு சட்டென்று செங்குத்தாக இறங்க வேண்டியதாயிற்று. அதனால்தான் லின்மவுத்துக்கு மேலே அவ்வளவு ஆழமான பாறை இடுக்கு. 1952 ஆகஸ்ட் 15 இரவில் எக்ஸ்மூர் மேட்டில் 24 மணி நேரத்தில் சுமார் 230 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஏற்கெனவே ஊறிப்போன தரை, செங்குத்துப் பள்ளம், மரங்களும் பாறைகளும் அடைத்த பாலங்கள். 34 பேர் இறந்தார்கள். லின்மவுத்துக்கு மேலே ஆற்றோரமாக வாட்டர்ஸ்மீட் பக்கம் நடக்க நினைக்கிறவர்கள் முந்தின நாள் மேட்டில் பெய்த மழையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கரையில் வெயில் அடித்தாலும் மேட்டு மழை சில மணி நேரத்தில் ஆற்றில் இறங்கிவிடும்.

பாதசாரி
கடற்கரை விஷயம்? காஸல் ராக் அடியில் ரிங்கிளிஃப் பே என்று வரைபடத்தில் ஒரு சின்ன வளைகுடா தெரிகிறது. குழந்தைக்குத் தண்ணீர் பார்க்க ஆசை.

அலைவாய்
ரிங்கிளிஃப் வேண்டாம். இறங்கும் பாதை செங்குத்தான கொடிவழி, சரிவு மண் நழுவிப் பாதை கெட்டுப்போகிற இடம். தடுப்போ அறிவிப்போ இருந்தால் அதைத் தாண்டவே கூடாது. கீழே சேர்ந்தாலும் நிற்கிற இடம் பாறைச் சுவரின் அடி. மூன்று பக்கமும் சுவர், நாலாவது பக்கம் கடல்.

குழந்தைக்கு லீ பே சரி. ரவுண்டானாவிலிருந்து மேற்கே சாலையோடு நடந்தால் லீ ஆபி வளாகத்தைத் தாண்டி வரும். அந்தச் சாலை தனியார் சுங்கச்சாலை, வண்டிக்குத்தான் கட்டணம், நடப்பவர்களுக்கு இல்லை. கரையோரப் பாதையே இந்தத் துண்டில் சாலையோடுதான் போகிறது.

ஆனால் எங்கே இறங்கினாலும் ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் நேரம், பார்க்காமல் இறங்காதீர்கள். இந்தக் கரைக்கும் வேல்ஸுக்கும் இடையிலுள்ள கடலான பிரிஸ்டல் கால்வாயின் ஓத ஏற்ற இறக்கம் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் சுமார் 9 மீட்டர் வரும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். தாழ்நிலையிலிருந்து உச்சத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம். நீர் சீராக ஏறாது. பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்று மணிக்கு மணி மாறும். 9 மீட்டருக்கு முதல் மணியில் முக்கால் மீட்டர், இரண்டாவதில் ஒன்றரை, மூன்றாவதிலும் நாலாவதிலும் தலா இரண்டேகால் மீட்டர். முதல் மணி நேரம் பார்த்துவிட்டு மெதுவாகத்தானே வருகிறது என்று உட்கார்ந்தவர்கள்தான் சிக்குகிறார்கள்.

வழிமுறை எளிது. லின்மவுத் அல்லது இல்ஃப்ராகூம் ஓத அட்டவணையை எடுங்கள். தாழ்நிலைக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இறங்குங்கள், தாழ்நிலையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மேலே வந்துவிடுங்கள். அட்டவணை கிரீன்விச் நேரத்திலா கோடை நேரத்திலா என்று தலைப்பில் போட்டிருக்கும். கிரீன்விச் என்றால் மே மாதத்தில் ஒரு மணி கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால் தாழ்நிலை உண்மையில் வருவதற்கு ஒரு மணி முன்பே முடிந்ததாக நினைப்பீர்கள், அது பரவாயில்லை. ஆனால் ஏற்கெனவே கூட்டித் தந்த அட்டவணையில் மறுபடி கூட்டினால் ஆபத்து. ஏறுகிற நீரில் ஒரு மணி நேரம் தாமதமாக நிற்பீர்கள்.

வரைபடப்பித்தன்
யாராவது சிக்கிவிட்டால் அவசர எண் 999 அழைத்து கோஸ்ட்கார்ட் (கடலோர மீட்புப் படை) வேண்டும் என்று கேளுங்கள். போலீஸோ ஆம்புலன்ஸோ கேட்டால் சுற்றிவரும். ஓஎஸ் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்9 என்கிற வரைபடத் தாளில் கட்ட எண் படிக்கத் தெரிந்தால் இடத்தைச் சொல்வது சுலபம், அல்லது போனில் காட்டுகிற அட்ச தீர்க்க எண். பேச சிக்னல் போதாத இடத்தில் 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஆனால் போனை முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். இன்று இரவே செய்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

பாதசாரி
செய்துவிடுகிறேன். கார் விஷயமும் சொல்லுங்கள். மைன்ஹெட் பக்கமிருந்து ஏ39 வழியாக வருகிறோம்.

குன்றுவழி
அப்படியானால் போர்லாக் குன்று வரும், 25 சதவீதச் சரிவு, கொண்டை ஊசி வளைவுகளோடு. அந்தத் திசையில் நீங்கள் ஏறுகிறீர்கள். முன்வண்டி வளைவைத் தாண்டும்வரை கீழேயே காத்திருந்து, முதல் கியரில் ஒரே மூச்சாக ஏறுங்கள். வளைவில் நிறுத்தி மறுபடி எடுப்பதுதான் கிளட்சைக் கருக்கும். ஆள் நிறைந்த வண்டி என்றால் பக்கத்திலேயே சரிவு குறைந்த சுங்கச்சாலை உண்டு, காசு கொடுத்து அதில் போங்கள், காடும் கடலும் பார்த்தபடி போகலாம்.

பிறகு கவுன்டிஸ்பரி குன்றில் லின்மவுத்துக்கு இறக்கம். அதுவும் செங்குத்து, நீளம். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு குறையும். இறக்கம் தொடங்குமுன்பே இரண்டாவது கியருக்கு வாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவலுக்கு மாற்றிக் குறைந்த கியர். பிரேக்கை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் பயன்படுத்துங்கள். கருகிய வாடை வந்தால் ஒதுங்க இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள்.

காரை லின்மவுத்தில் விட்டு ரயிலில் ஏறுவது ஒரு முறை. பெரியவர்களை இறக்க வேண்டுமானால் நேரே பள்ளத்தாக்கு பார்க்கிங். மே கடைசி வாரம் பள்ளி விடுமுறை, பத்து மணிக்குள் போய்விடுங்கள். கார் இல்லாமல் வெளியூரிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் எக்ஸிடர் செயின்ட் டேவிட்ஸிலிருந்து பார்ன்ஸ்டபிள், அங்கிருந்து லின்டனுக்குப் பேருந்து. ஞாயிறு டைம்டேபிளைத் தனியாகப் பாருங்கள்.

அலைவாய்
நன்றாக நடக்கிற மூன்று பேருக்கு ஒரு யோசனை. லீ பேயைத் தாண்டி வுடி பே, அங்கிருந்து ஹெட்டன்ஸ் மவுத் வரை போங்கள். லின்டனிலிருந்து ஒரு வழிக்கே பத்து கிலோமீட்டர் அளவில் வரும், திரும்பி நடக்க வேண்டாம், ஹன்டர்ஸ் இன் அருகே யாராவது காரில் வந்து ஏற்றிக்கொள்ளட்டும். வுடி பேக்குப் பிறகு கடல் பக்கப் பாதை ஒற்றையடி, அகலம் குறைவு, சரல் கல். இங்கேதான் பூட்ஸ் வேண்டும். மே மாதத்தில் பாறைச் சுவரில் ரேசர்பில், கில்லிமாட் பறவைகள் கூடு கட்டியிருக்கும், பைனாகுலர் எடுத்துப்போங்கள். ஹெட்டன் பள்ளத்தாக்கின் வாயில் பழைய சுண்ணாம்புக் காளவாய் நிற்கிறது.

நேரத்துக்குக் கணக்கு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி, ஓய்வு தனி. இந்தக் கரையில் ஏற்றத்தைக் கணக்கில் விட்டால் பாதி நேரம் காணாமல் போகும்.

குன்றுவழி
அதே பாதையில் கூம் மார்ட்டின் வரை போக நினைக்கிறவர்களும் இந்த இழையைப் படிக்கலாம். லின்மவுத்திலிருந்து 13 மைல், மொத்த ஏற்றம் 1000 மீட்டரைத் தாண்டும், கடைசியில் கிரேட் ஹேங்மன், 318 மீட்டர், முழுக் கரையோரப் பாதையிலும் அதுதான் உச்சி. களைத்த காலோடு கடைசியில் அந்த ஏற்றம் வருகிறது. முழு நாள் வேண்டும், குழந்தையோடு நினைக்கவே வேண்டாம்.

வரைபடப்பித்தன்
படம் எடுப்பவர்களுக்கு ஒன்று. இங்கே கடல் வடக்கே இருக்கிறது. நடுப்பகலில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், பாறையின் கடல் முகம் நிழலில். மே, ஜூனில் சூரியன் வடமேற்கே, கடல் பக்கம் சாய்கிறது. மாலை ஏழு மணிக்குப் பிறகு காஸல் ராக்கின் மேற்கு முகத்தில் நேரடி வெளிச்சம் விழும். மே கடைசியில் சூரியன் மறைய ஒன்பது மணி தாண்டும், அவசரமே இல்லை. தெளிவான நாளில் எதிரே வேல்ஸ் கரை தெரியும்.

இதே காரணத்தால் குளிர்காலத்தில் நார்த் வாக் பகல் முழுக்க ஹாலர்டே குன்றின் நிழலில் கிடக்கும். காலையில் படிந்த உறைபனி மதியம் வரை தளத்தில் இருக்கும். டிசம்பரில் போகிறவர்கள் சாலை வழியே போய் வாருங்கள்.

பாதசாரி
கடைசிக் கேள்வி. ஆடுகள் முட்டுமா? எங்களோடு ஒரு நாயும் வருகிறது.

நெய்தல்நடை
அவை காட்டில் தாமாக வாழ்கிற ஆடுகள், நீண்ட கொம்பு, தாடி. ஆளைத் தேடி வந்து முட்டாது. குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போய் நிற்காதீர்கள், தின்ன எதுவும் நீட்டாதீர்கள். நாயைக் குட்டையான கயிற்றில் பிடியுங்கள். ஆட்டைத் துரத்தும் நாய் விளிம்பைப் பார்க்காது. ஆடு பாறையில் நின்றுவிடும், நாய் நிற்காது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது உண்ணி. பள்ளத்தாக்குச் சரிவில் பெரணி மண்டியிருக்கும், எக்ஸ்மூர் முழுக்க மான், ஆடு, அதனால் உண்ணியும். பெரணிக்குள் நடந்தால் முழுக்கால் பேன்ட், அதன் முனையைக் காலுறைக்குள் செருகுங்கள். இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், குழந்தைக்குக் காதோரமும் தலைமுடி ஓரமும் பாருங்கள். நாய்க்குக் காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும். கடித்திருந்தால் முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், வயிற்றை நசுக்காமல், நிதானமாக நேரே மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவது, சுடுவது எதுவும் கூடாது. கடித்த இடத்தைக் கழுவி, தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில், சில நேரம் மூன்று மாதம் வரைகூட, வட்டமாகப் பரவும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் அந்தத் தேதியோடு மருத்துவரிடம் போங்கள்.